ஊர்விட்டு ஊர் சென்ற பெருமாள்

நுழையும்முன்

வீடு மாறும் நாளில் பெட்டிகளைக் கட்டுவது எளிது. எதை விட்டுச் செல்வது என்று முடிவு செய்வதே கடினம். பெற்றோரின் பணிமாற்றத்தால் இரண்டு மூன்று பள்ளிகளைக் கண்ட பிள்ளைகளுக்கு இது நன்கு தெரியும். தோழர்களை இழந்துவிடுவோமோ, பாட்டியின் குரலை மறந்துவிடுவோமோ, தாய்மொழி நாவில் தடுமாறுமோ என்னும் அச்சம் யாரும் கட்டிவைக்காமலேயே பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிக்கரையில் ஒரு பெரிய ஊரே இத்தகைய அச்சத்தில் ஆழ்ந்தது. அவ்வூரார் எதை விட்டார்கள், எதைச் சுமந்தார்கள் என்பதை இப்பாடம் கூறுகிறது. அதற்கு முன்வாசலாக அமைவது நாராயணவனம் என்னும் சிற்றூர்.

பெண்ணைக் கொடுத்த ஊர்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் புத்தூர் என்னும் ஊர் உண்டு. அதற்கு அருகில், அருணா நதியின் கரையில் அமைந்தது நாராயணவனம். நாராயணவரம் என்றும் இதனை வழங்குவர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இப்பகுதி கார்வேட்டிநகர ஜமீனுக்கு உட்பட்டுச் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960இல் இரு மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டபோது அருகிலிருந்த திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது; நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு விழுந்தது வரைபடத்தில்தான். இவ்வட்டாரத்துக் கடைத்தெருவில் தெலுங்கில் தொடங்கும் பேச்சு தமிழில் முடிவதும், தமிழில் கேட்ட விலைக்குத் தெலுங்கில் விடை வருவதும் இன்றும் இயல்பு.

ஊரின் பெருமை அங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில். திருமலையில் எழுந்தருளியுள்ள சீனிவாசப் பெருமாள் பத்மாவதித் தாயாரை மணம் புரிந்தது இவ்வூரில்தான் என்று தலபுராணம் கூறும். இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆகாசராசனுக்கு நெடுநாள் பிள்ளையில்லை. வேள்விக்காக நிலத்தை உழுதபோது, உழுசாலில் தாமரை ஒன்றும் அதில் ஒரு பெண் குழந்தையும் கிடைத்தன. அரசனும் அரசி தரணிதேவியும் அக்குழந்தையைப் பத்மாவதி எனப் பெயரிட்டு வளர்த்தனர். பின்னாளில் மலையிலிருந்து வந்த சீனிவாசனுக்கு அவளை மணமுடித்துக் கொடுத்தனர். திருமணத்திற்கு வேண்டியவற்றை அரைத்ததாகச் சொல்லப்படும் பெரிய கல் திரிகை ஒன்றை இக்கோயிலில் இன்றும் காணலாம். சிறுவர்கள் அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, இதனை எத்தனை பேர் சேர்ந்து சுழற்றியிருப்பார்கள் என்று கணக்குப் போடுவர்.

இக்கதையில் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. நெடுநாள் காத்திருந்து பெற்ற ஒரே மகளை அரசன் வேறொருவர் இல்லத்திற்கு அனுப்பிவைத்தான் என்பது ஒன்று. பிரிவை எண்ணி அவன் கலங்கியிருப்பான்; எந்தத் தந்தைதான் கலங்கமாட்டான்? ஆயினும் கொடுத்தான். ஆகவே இதனைப் பெண்ணைக் கொடுத்த ஊர் என்றே சொல்லலாம். மற்றொன்று, மாப்பிள்ளையாக வந்த பெருமாளிடம் பொருள் ஏதும் இல்லை என்பது. திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் கோடிக்கும் மேற்பட்ட பொற்காசுகளை அவர் கடனாகப் பெற்றார் என்றும், கலியுகம் முடியும்வரை வட்டி செலுத்திக்கொண்டே இருப்பார் என்றும் புராணம் கூறும். திருமலை உண்டியலில் அடியார்கள் இடும் காணிக்கை அந்த வட்டிக்கே போகிறது என்று முதியோர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. உலகத்துச் செல்வர்கள் தேடிவந்து வணங்கும் தெய்வத்தையே கடன்காரராகக் கற்பனை செய்த நெஞ்சம் துணிவுள்ள நெஞ்சம்தான்.

இதே புராணத்தில் இழப்புக்கு அஞ்சியோரும் உள்ளனர். ஆகாசராசன் மறைந்தபின் அவன் தம்பி தொண்டைமானும் மகன் வசுதானனும் நாடு தமக்கே வேண்டும் என்று போரிட்டனர். தன் பங்கு குறைந்துவிடுமோ என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். அந்த அச்சத்தில் நாடே அழியும் நிலை வந்தது. இறுதியில் சீனிவாசனே இடைநின்று நாட்டைப் பகிர்ந்து கொடுத்தார் என்று கதை முடிகிறது. மகளையே மனமுவந்து கொடுத்தவன் வீட்டில், மண்ணைக் கொடுக்க மனம் வரவில்லை.

நாராயணவனத்தில் சுரைக்காய்ச் சுவாமிகள் என்னும் துறவியின் சமாதியும் உள்ளது. தெலுங்கு பேசுவோர் சொரக்காயல சுவாமி என்பர். உலர்ந்த சுரைக்குடுக்கைகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊரில் திரிந்தமையால் அவருக்கு அப்பெயர் வாய்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மறைந்தார். சுரைக்குடுக்கையைத் திருட யாரும் வரமாட்டார். ஆகவே அவருடைய தோள்சுமைக்குக் காவல் தேவைப்படவில்லை. ஆனால் எல்லாரும் அவரைப் போல் வாழ இயலாது. வீடு, நிலம், குழந்தைகள், கோயில், நூல்கள் ஆகியவற்றோடு வாழ்வோரே மிகப் பலர். அவர்களுக்கு இழப்பு நேரும்போது இறைநம்பிக்கை என்ன செய்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடத் திருமலைக்கு ஏற வேண்டும்.

திருமலையில் ஒரு விருந்தினர்

திருமலைக் கோயிலுக்குள் அரங்கநாயகர் மண்டபம் என்னும் பெரிய கல்மண்டபம் இருக்கிறது. வேங்கடவனின் கோயிலில் அரங்கன் பெயரால் ஒரு மண்டபம் ஏன் என்று கேட்பது நியாயமே. ஒரு காலத்தில் திருவரங்கத்துப் பெருமாள் தம் ஊரை இழந்து இம்மலையில் விருந்தினராகத் தங்கியிருந்தார். அவருக்கு வழிபாடு நடந்த இடம் என்று இம்மண்டபத்தைக் காட்டுவர். நாராயணவனத்தில் மணக்கோலம் பூண்ட பெருமாள், காவிரிக்கரையிலிருந்து வந்த பெருமாளுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார் என்று கொள்ளலாம்.

பெரிய கோயில்களில் பெருமாளுக்கு இரண்டு திருமேனிகள் உண்டு. கருவறையை விட்டு அசையாதவர் மூலவர். திருவிழாக்களில் வீதியுலா வருபவர் உற்சவர். திருவரங்கத்து உற்சவரின் பெயர் அழகியமணவாளர். ஊரை விட்டுச் சென்றவர் இவரே.

1323ஆம் ஆண்டு தில்லி சுல்தானின் படை தெற்கே வந்தது. படை திருவரங்கத்தை நெருங்குகிறது என்னும் செய்தி எட்டியபோது, ஊர் விழாக்கோலத்தில் இருந்தது என்று கோயில் வரலாற்றைக் கூறும் கோயில் ஒழுகு என்னும் நூல் தெரிவிக்கிறது. சிந்திக்க நேரமில்லை. மூலவருக்கு முன்னே கற்சுவர் எழுப்பி வாயிலை மறைத்தனர். உற்சவரையும் நாச்சியாரையும் ஒரு சிறு கூட்டத்தாரோடு தெற்கு நோக்கி அனுப்பினர். எஞ்சியோர் பலர் அங்கேயே மாண்டனர்.

அச்சிறு கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் பிள்ளை உலகாசிரியர். அப்போது அவர் நூறு வயதைக் கடந்தவர் என்று மரபு கூறும். வடமொழி கல்லாதாரும் பெண்களும் சமயக் கருத்துகளை அறிய வேண்டும் என்று எளிய நடையில் பதினெட்டு நூல்களை இயற்றியவர் அவர். வாழ்நாள் முழுவதும் ஒரே ஊரில் வாழ்ந்து, அரங்கனைத் தவிர வேறெதையும் அறியாத முதியவர், இப்போது காட்டுவழியே அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

காட்டில் கள்வர் வழிமறித்தனர். பெருமாளுக்கு உரிய அணிகலன்களையும் பொருள்களையும் பறித்தனர். சற்று முன்னே சென்றிருந்த உலகாசிரியர் செய்தி கேட்டுத் திரும்பி வந்தார். உடன் வந்தோர் அவர் கள்வரைச் சபிப்பார் என்றோ, அழுவார் என்றோ எதிர்பார்த்திருக்கலாம். அவரோ தம்மிடம் எஞ்சியிருந்த பொருளையும் அக்கள்வரிடமே கொடுத்துவிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பெருமாள் இருக்கிறார், பொருள் போனால் போகட்டும் என்பது அவர் கருத்து. இச்செயலைப் படிக்கும்போது, கணக்குத் தெரியாத முதியவர் என்று யாருக்கேனும் தோன்றக்கூடும். உண்மையில் அவர் போட்ட கணக்கு மிகத் துல்லியமானது. நகைகளைக் காக்க நின்றிருந்தால் சுமந்து வந்த பெருமாளையே இழந்திருப்பார்கள்.

மதுரைக்கு அருகில் யானைமலையை அடுத்த கொடிக்குளம் என்னும் இடத்தை அன்று சோதிட்குடி என்றனர். அங்கே மலையடிவாரத்தில் பெருமாளை மறைத்துவைத்து வழிபட்டனர். நடந்த களைப்பும் முதுமையும் சேர்ந்து உலகாசிரியரை வீழ்த்தின. தமக்குப் பின் இப்பணியை யார் தொடர்வது என்பதை மாணவர்களுக்கு எடுத்துரைத்துவிட்டு அவர் அங்கேயே உயிர் நீத்தார். திருவரங்கத்தை அவர் மீண்டும் காணவில்லை. இதனை மறைத்துவிட்டு, நம்பியவர் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார் என்று கதையை முடிப்பது எளிது. ஆனால் அது பொய்யாகும்.

அஞ்சாமை வேண்டிய பாடல்

அதே நாளில் திருவரங்கத்திலிருந்து வேறொரு திசையில் ஒருவர் புறப்பட்டார். அவர் வேதாந்த தேசிகர். காஞ்சிபுரத்தைச் சார்ந்த தூப்புல் என்னும் இடத்தில் பிறந்தவர்; தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் பாடவல்லவர். இராமானுசரின் பெருநூலுக்குச் சுதர்சன சூரி என்னும் அறிஞர் சுருதப்பிரகாசிகை என்னும் விரிவுரையை எழுதியிருந்தார். தாம் பிழைக்கமாட்டோம் என்று உணர்ந்த சூரி, அந்த ஓலைச்சுவடியையும் தம் மகன்கள் இருவரையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். மாண்டோரின் உடல்களுக்கு நடுவே அச்சிறுவர்களோடு மறைந்துகிடந்து, இருள் சூழ்ந்தபின் தேசிகர் வெளியேறினார் என்று மரபு கூறுகிறது.

அச்சுக்கூடம் இல்லாத காலம் அது. ஒரு சுவடி அழிந்தால் ஒரு நூலே அழியக்கூடும். ஆனால் அன்றிரவு தேசிகரின் கைகளில் சுவடி மட்டும் இல்லை. தந்தையை இழந்த இரண்டு சிறுவர்களும் இருந்தனர்.

அவர் சென்று சேர்ந்த இடம் சத்தியாகாலம். இன்றைய கருநாடகத்தில் கொள்ளேகாலத்திற்கு அருகில், காவிரியின் கரையிலேயே உள்ளது. இதுவே அவ்வாழ்க்கையின் நுட்பமான துயரம். ஊர் மாறிற்று, ஆறு மாறவில்லை. அவர் காலையில் கைகளில் அள்ளிய நீர், வழியில் அணைகள் இல்லாத அக்காலத்தில், சில நாள்களில் திருவரங்கத்தின் படித்துறைகளைத் தொட்டிருக்கும். நீர் போகலாம், அவர் போக முடியாது.

அங்கிருந்து அவர் பாடிய வடமொழி நூலின் பெயர் அபீதிஸ்தவம். பீதி என்பது அச்சம். அபீதி என்பது அஞ்சாமை. அஞ்சாமை வேண்டிப் பாடிய துதி என்பது அப்பெயரின் பொருள். தம் அச்சத்தையும் அடியார்களின் அச்சத்தையும் அரங்கன் நீக்க வேண்டும் என்றும், திருவரங்கத்தில் மீண்டும் அச்சமின்றி வழிபாடு நடக்க வேண்டும் என்றும் அதில் அவர் வேண்டுகிறார். தாம் அஞ்சவில்லை என்று அவர் எங்கும் பெருமை பேசவில்லை. அஞ்சாதவனுக்கு அஞ்சாமை வேண்டும் பாடல் தேவையில்லை. பக்தர் என்றால் எதற்கும் கலங்காதவர் என்று பலர் எண்ணுவர். தேசிகரோ கலங்கினார், கலக்கத்தை ஒளித்துவைக்காமல், அதற்குப் பெயரிட்டு, நம்பியவர் முன்னே எடுத்துவைத்தார்.

பொருளைப் பற்றி மட்டும் அவருக்கு அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் நாள்தோறும் வீடுவீடாக அரிசி பெற்று உண்ணும் உஞ்சவிருத்தி வாழ்க்கை நடத்தியவர். ஒருநாள் யாரோ அவர்மீது இரங்கி அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட்டார். அரிசியில் மின்னுபவை எவை என்று மனைவியார் கேட்டபோது, அவை புழுக்கள் என்று கூறி ஒரு புல்லால் ஒதுக்கித் தள்ளினார் என்பர். விசயநகர அவைக்கு வருமாறு வித்தியாரண்யர் அழைத்தபோதும் மறுத்தார். அம்மறுப்பே வைராக்கிய பஞ்சகம் என்னும் சிறு நூலாயிற்று. பொற்காசைத் தள்ளியவர் ஓலைச்சுவடியைத் தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர வெறுப்பது துறவாகாது. எது போனால் ஈடுசெய்ய முடியாது என்று அறிந்திருந்தமையால்தான் மற்றவற்றை அவரால் எளிதாக விட முடிந்தது.

பள்ளத்தில் மூவர்

உலகாசிரியரின் மறைவுக்குப் பின் பெருமாளின் பயணம் தொடர்ந்தது. மலையாள நாடு, கோழிக்கோடு, மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரம் எனப் பல இடங்களில் தங்கி, இறுதியில் திருமலைப் பகுதியை அடைந்தார். அங்கும் ஆபத்து நீங்கவில்லை. உடன் வந்த பணியாளர் மூவர், மலைச்சரிவில் கொடிகளையும் வேர்களையும் கயிறாகக் கொண்டு, பெருமாளை உடலோடு கட்டிக்கொண்டு ஆழ்ந்த பள்ளத்தில் இறங்கினர் என்று கோயில் ஒழுகு கூறுகிறது. காய்கனிகளை உண்டு, காட்டுப்பூக்களைச் சாத்தி, அம்மூவரும் வழிபாட்டை நடத்தினர். ஆண்டுகள் சென்றன. இருவர் இறந்தனர். மூன்றாமவர் முதியவரானார், ஆயினும் நாள்தோறும் பூப்பறித்தலை நிறுத்தவில்லை. பல்லாயிரவர் திருவிழா கண்ட பெருமாளுக்கு அப்போது ஊர், கோயில், அடியார் கூட்டம் எல்லாமாக இருந்தவர் அந்த ஒரு முதியவரே.

தெய்வத்தைச் சுமந்துகொண்டு மக்கள் இடம்பெயர்ந்த வரலாறு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் மன்னாரை அடுத்த மாந்தையில் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர், ஒல்லாந்தர் ஆட்சியில் தம் சமயத்திற்குத் தடை வந்தபோது, 1670இல் அன்னை மரியாளின் திருவுருவத்தைக் காட்டுக்குள் எடுத்துச் சென்றனர். அக்காட்டில் எழுந்ததே மடு மாதா திருத்தலம். அது மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்பும் அமைதியாக இருக்க இயலவில்லை. 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் போர் நெருங்கியபோது, குருமார் அதே உருவத்தைத் தேவன்பிட்டி என்னும் கடலோர ஊருக்கு எடுத்துச் சென்றனர். ஆகஸ்டு மாதத்தில் அது மடுவுக்குத் திரும்பியது. பெரியவர்கள் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு ஓடிய நாள்களில், ஒரு சிறிய உருவத்திற்கு வண்டியில் இடம் ஒதுக்கினர். தம்மைக் காக்க வேண்டியவரைத் தாமே காத்தனர் என்று இதனைக் கண்டு சிலர் புன்னகைக்கலாம். எல்லாம் சிதறும் வேளையில் காப்பதற்கு ஒன்று இருப்பதே மனிதரை நிமிர்ந்து நடக்கச் செய்கிறது என்பதை நடந்தவர்கள் அறிவார்கள்.

இவரே நம் பெருமாள்

மீண்டும் திருமலைக்கு வருவோம். விசயநகர அரசர் புக்கரின் மகன் குமார கம்பணர் தமிழகத்திற்குப் படையெடுத்து வந்து மதுரைச் சுல்தான்களை வென்றார். அவருடைய அதிகாரியான கோபணர் செஞ்சியில் இருந்தார். பெருமாள் திருமலைப் பகுதியில் இருப்பதை அறிந்த கோபணர், அவரைச் செஞ்சிக்கு எழுந்தருளச் செய்து, அருகிலுள்ள சிங்கவரத்தில் சிலகாலம் வழிபாடு நடத்தினார். பின்னர் 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் நிலைநாட்டினார். இச்செய்தியைக் கூறும் கல்வெட்டு திருவரங்கக் கோயிலில் உள்ளது. அதிலுள்ள வடமொழிப் பாடல்கள் தேசிகர் இயற்றியவை என்பது மரபு.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. புறப்பட்ட நாளில் இளைஞராய் இருந்தோரும் இப்போது முதியோராகிவிட்டனர். பெரும்பாலோர் உயிரோடு இல்லை. இங்கே எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. பெருமாள் இல்லாத காலத்தில் வேறோர் உற்சவத் திருமேனியை வைத்து ஊரார் வழிபட்டு வந்தனர். இப்போது வந்திருப்பவர்தான் பழைய அழகியமணவாளர் என்பதற்குச் சான்று என்ன? நேரில் கண்டு அடையாளம் சொல்ல யாரும் இல்லை. நெடுங்காலம் ஏங்கிக் காத்திருந்தவர் வாயிலில் வந்து நிற்கும்போது, அவரை அடையாளம் தெரியவில்லை என்பதைவிடப் பெரிய இழப்பு உண்டோ?

அப்போது, பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த வண்ணார் ஒருவர் மிக முதியவராக, பார்வை இழந்தவராக உயிரோடு இருப்பது தெரிந்தது. திருமஞ்சனத்தின்போது நனைந்த பெருமாளின் ஈர ஆடையைப் பிழிந்து, அந்நீரைத் தீர்த்தமாகப் பருகுவது முன்பு அவர் வழக்கம். அவரை ஈரங்கொல்லி என்று அழைத்தனர். கண் இல்லாவிட்டால் என்ன? தமக்கு அந்நீரின் மணம் நினைவிருக்கிறது என்றார் அவர். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, இரண்டு ஈர ஆடைகளையும் அவரிடம் கொடுத்தனர். ஒன்றைப் பிழிந்து பருகியதும், திரும்பி வந்திருப்பவரே நம் பெருமாள் என்று மகிழ்ச்சியால் கூவினார். அன்று முதல் அழகியமணவாளருக்கு நம்பெருமாள் என்னும் பெயர் நிலைத்தது. இன்றும் திருவரங்கத்தில் உற்சவரை அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஆசாரியர்களும் அரசர்களும் நிறைந்த இந்நெடிய வரலாற்றில், பெருமாளுக்குப் பெயர் சூட்டும் உரிமை துணி வெளுத்த ஒரு முதியவருக்கே கிடைத்தது.

திருவரங்கத்தார் செய்த வேறு இரண்டு செயல்களையும் குறிப்பிட வேண்டும். படையெடுப்பில் துன்புற்ற அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னதி உண்டு. வடநாட்டுச் சுல்தானின் மகள் ஒருத்தி அரங்கன்மீது அன்பு கொண்டு அவரைத் தேடி வந்தாள் என்னும் கதையை அவ்வூரார் போற்றி, பெருமாளுக்குக் கைலி உடுத்தி ரொட்டி படைக்கும் வழக்கத்தையும் காத்துவருகின்றனர். இழந்தவற்றின் நினைவோடு பகையையும் சேர்த்துச் சுமக்க அவர்கள் விரும்பவில்லை போலும்.

மற்றொரு செயல் இது. நம்பெருமாள் திரும்பியபின், இடைக்காலத்தில் வழிபடப்பட்ட திருமேனியை அவர்கள் அப்புறப்படுத்தவில்லை. இருண்ட நாள்களில் ஊரோடு இருந்தவர் அவர் அல்லரோ! அவருக்குத் திருவரங்கமாளிகையார் என்று பெயரிட்டு, நம்பெருமாளின் அருகிலேயே இடம் கொடுத்தனர். இருவரும் இன்றும் ஒரே கருவறையில் எழுந்தருளியுள்ளனர்.

சொல்லும் பொருளும்

உழுசால் – ஏர் உழுத தடம்
திரிகை – மாவு அரைக்கும் கல்
உற்சவர் – வீதியுலா வரும் தெய்வத் திருமேனி
ஒழுகு – வழக்கங்களையும் நிகழ்ச்சிகளையும் பதிந்துவைத்த நூல்
திருமஞ்சனம் – தெய்வத் திருமேனிக்குச் செய்யும் நீராட்டு
உஞ்சவிருத்தி – வீடுதோறும் அரிசி பெற்று வாழ்தல்
சுவடி – ஓலைகளைக் கோத்த நூல்

விடையளிக்க

1. நாராயணவனத்தைப் பெண்ணைக் கொடுத்த ஊர் என்று சொல்வது ஏன்?
2. பிள்ளை உலகாசிரியர் எஞ்சிய பொருளையும் கள்வரிடம் கொடுத்தார். நீங்கள் அவருடன் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.
3. அஞ்சாதவனுக்கு அஞ்சாமை வேண்டும் பாடல் தேவையில்லை என்னும் தொடரை உங்கள் சொற்களில் விளக்குக.
4. பார்வை இழந்த முதியவரால் மட்டும் பெருமாளை அடையாளம் காண முடிந்தது எவ்வாறு?

மொழிப்பயிற்சி

பிரித்து எழுதுக: நம்பெருமாள், கற்சுவர், ஓலைச்சுவடி.
அஞ்சாமை என்பது எதிர்மறைப் பொருள் தரும் சொல். மறவாமை, கலங்காமை, இழவாமை ஆகிய சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக.

வீட்டில் செய்க

சொந்த ஊரிலிருந்து இங்கு வந்தபோது உங்கள் வீட்டார் கொண்டுவந்த மிகப் பழைய பொருள் எது என்று தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் தமிழில் கேளுங்கள். அது யாருடையது, எந்த ஊரில் இருந்தது, வண்டியில் அதற்கு எவ்வாறு இடம் கிடைத்தது என்பதைப் பத்துத் தொடர்களில் எழுதி, அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுக.